கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கை

வில்லியனூர் கடைத்தெருவில் எனக்கு ஒரு மருந்துக்கடை இருக்கிறது. மருந்துக்கடைக்காரனுக்கு ஊரில் யார் யாருக்கு என்ன நோய் என்பது தெரியும். யார் எப்படிப்பட்ட ஆள் என்பது தெரியாது. சீட்டை நீட்டுவார்கள், மாத்திரையைக் கொடுப்போம், அதோடு சரி. ஆனால் ஒரு பெண்ணைப் பற்றி மட்டும், அவள் பெயர்கூடத் தெரியாதபோதே, முழுதாகத் தெரிந்துகொண்டேன் என்று சொல்வேன். அதுவும் கடையில் இல்லை, பஸ்ஸில்.

என் வண்டி அன்று மெக்கானிக்கிடம் கிடந்தது. செல்லிப்பட்டுப் பக்கமிருந்து வரும் காலை நேரத்து பஸ்ஸில் ஒரு சீட்டைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நின்றிருந்த பெண்ணின் கால் என் கால்மேல் லேசாகப் பட்டது. உடனே குனிந்து என் முழங்காலை விரல் நுனியால் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அடுத்த வளைவில் பஸ் குலுங்கியது. அவள் கால் ஒரு கீரைக்கார அம்மாவின் கூடையில் இடித்தது. கூடையைத் தொட்டு ஒற்றிக்கொண்டாள். கீழே கிடந்த பேப்பர் மிதிபட்டது, அதற்கும் ஒன்று. சீட்டுக்கு அடியில் யாரோ காலைக் கட்டிப் போட்டிருந்த கோழிமேல் கால் பட்டது. கோழியையும் தொட்டு ஒற்றிக்கொண்டாள். கோழிக்கே அது புதிதாக இருந்திருக்கும்.

"ஏம்மா, கோழிக்குமா?" என்றேன்.

"கால் பட்டுடுச்சிண்ணே" என்றாள். அதற்குமேல் விளக்க என்ன இருக்கிறது என்பதுபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அடுத்த வாரமே என் கடைக்கு எதிரே இருக்கும் சர்க்கரை நோய் கிளினிக்கில் வெள்ளைக் கோட்டுடன் நின்றாள். வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டதற்கு அவள் சொன்ன சொல் எனக்கே புதிது. பொடியாட்ரிஸ்ட். கால் பாதத்துக்கென்றே தனி வைத்தியம். பிசியோதெரபி படித்துவிட்டு, வெளிமாநிலத்துக்குப் போய் அதையும் தனியாகப் படித்திருக்கிறாள். நெல்லும் கரும்பும் நட்டும் வெட்டியும் வயிறு வளர்த்த குடும்பத்தில் இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது தனிக்கதை. வருஷா வருஷம் நடவு முடிந்து வரும் அம்மாவின் விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வெந்துபோய் இருக்குமாம். அதைக் கழுவித் துடைத்து மருந்து வைப்பது சின்ன வயதிலிருந்தே அவள் வேலையாம். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆனால் நம் பக்கத்தில் அந்தப் பெயரில் வேலை ஏது? கிளினிக்கில் அவளுக்கு எழுதியிருந்த பெயர் டிரெஸ்ஸிங் சிஸ்டர். வருகிறவர்கள் கூப்பிட்டது கால் சிஸ்டர். டாக்டர் நல்ல மனிதர். "நான் இன்னாமா செய்யறது, அப்பிடி ஒரு போஸ்ட்டே இங்க இல்லியே" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான். சட்டையில் தன் பெயரும் அதற்குக் கீழே அந்த ஒரு சொல்லும் எழுதிக் குத்திக்கொண்டு நிற்க வேண்டும், அதற்காகத்தான் வெளிநாட்டு லைசென்ஸுக்குப் படிக்கிறேன் என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். சம்பளத்தைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்தேன், பேசவில்லை.

எனக்கும் சர்க்கரை உண்டு. ஊருக்கெல்லாம் மாத்திரை விற்கிறவன் தன் மாத்திரையை மறப்பது எங்கள் தொழிலில் சகஜம். கட்டைவிரலுக்கு அடியில் காய்ப்பு ஏறியிருந்தது. அவளிடம் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடச் சொன்னாள். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்துப் பாதத்தில் அங்கங்கே குத்தி, "தெரியுதாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தெரியாத இடத்திலும் தெரியுது என்றேன். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குக் கேள்வி என்றால் தோற்கப் பிடிக்காது. "அண்ணே, இப்ப நான் குத்தவேல்லியே" என்றாள்.

பிறகு கையுறை போட்டுக்கொண்டு காய்ப்பைச் சீவினாள். சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி நகர்ந்தபோது அவள் கால் என் இன்னொரு காலில் இடித்தது. கை உடனே எழுந்தது. என் முழங்காலைத் தொட்டுக் கண்ணருகே போய், தொடாமல், காற்றிலேயே ஒற்றிக்கொண்டு திரும்பியது.

"நாள் முழுக்க எங்க காலதான் புடிச்சினு இருக்க. அதுல ஒரு தடவ உன் கால் பட்டா இன்னா இப்ப?" என்றேன்.

"கையால தொடறது வேலைண்ணே. கால் பட்டா அது வேற" என்றாள்.

இந்தப் பழக்கத்தால் அவள் வீட்டிலேயே சண்டை. அவள் அப்பா ஒருநாள் மாத்திரை வாங்க வந்தபோது மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டுப் போனார். "நம்ப சனம் கால தொட்டு கும்புட்டதெல்லாம் போதும்பா. எங்கப்பன் குனிஞ்சாரு, நான் குனிஞ்சன். இவள படிக்க வெச்சதே குனியக் கூடாதுன்னுதான். இவ இன்னான்னா கோட்டு மாட்டினு போயி குனியறா." அவர் குரலில் கோபத்தைவிட வலிதான் அதிகம். பி.பி. மாத்திரையை விடாமல் போடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அவர் பயந்தது ஒருநாள் நடக்கத்தான் செய்தது. பாகூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர், நிலபுலம் உள்ளவர், குதிகால் புண்ணோடு வந்தார். நான் ஊசி மருந்து கொடுக்கப் போனவன் அங்கேயே நின்றிருந்தேன். அவள் கால் அவர் காலில் பட்டது, தொட்டு ஒற்றிக்கொண்டாள். அவர் அதை வரவேண்டிய பாக்கி வந்ததுபோல வாங்கிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். அடுத்த நாற்காலியில் அறுவடைக் கூலிக்குப் போகும் ஒரு கிழவர். கட்டு மாற்ற நகர்ந்தபோது அவர் காலிலும் இடித்தது, அவருக்கும் அதே மாதிரி. கிழவர் பதறிக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

விவசாயி சிரித்தபடி, "இன்னாமா, எல்லாருக்கும் ஒரே மரியாதயா?" என்றார்.

"அன்னிக்கு பஸ்ஸுல ஒரு கோழிக்கும் பண்ணனுங்க" என்றாள் அவள், கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். குத்திக்காட்டவில்லை, இருப்பதைச் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு தாங்காமல் வெளியே வர வேண்டியிருந்தது.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எந்த நாடு என்பது வேண்டாம். நம் ஊர்ச் சான்றிதழை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் இங்கிலீஷ் பரீட்சை, பிறகு கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை, கடைசியாகச் செய்துகாட்டும் பரீட்சை. இந்தக் கடைசிப் பரீட்சையை அங்கிருந்து ஆட்கள் வந்து சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் நடத்துவார்கள். வரிசையாக அறைகள், ஒவ்வொன்றிலும் நோயாளி மாதிரி நடிக்க ஒரு ஆள், காலில் மெழுகால் செய்து ஒட்டிய புண். மூலையில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே மார்க் போடுவார். இரண்டு முறைதான் எழுதலாம். இரண்டாம் முறையும் போனால் அந்த நாட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

முதல் இரண்டு பரீட்சைகளையும் ஊதித் தள்ளினாள். கிளினிக் முடிந்து, பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் கேட்டுக்கொண்டு நிற்பாள். சென்னைக்குப் போய்வந்தவள் முகத்திலும் தெளிவுதான் இருந்தது. ரிசல்ட் வந்த அன்று மத்தியானம் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடைசி ரூமுண்ணே. புண்ணு கழுவினு இருந்தன். நகரும்போது அந்தாளு கால்ல என் கால் பட்டுடுச்சி."

அவள் மேலே சொல்லாமலே எனக்கு விளங்கிவிட்டது.

"க்ளவுசோடயா?"

"கண்ணுல படவேல்லண்ணே. காத்துலதான் போச்சி."

சீழ்பிடித்த புண்ணைக் கழுவிய கையுறையை முகத்தருகே கொண்டுபோனாள் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒன்றில் தவறினால் மற்ற அறைகளில் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் மொத்தமும் போயிற்று. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும், ஒரு மரியாதை தெரியுமா, ஒரு பழக்கம் தெரியுமா என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். கடைக்கு வந்த ஒருவர் நான் அவரைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார்.

நான் ஓய்ந்த பிறகு அவள், "அவங்க சொல்றது கரெக்ட்டுண்ணே. புண்ணு நெஜமா இருந்தா இன்னா ஆவும்? அதான் கஷ்டமே" என்றாள். அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கையைத் தூக்கியவள், கையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தோள்பட்டையால் துடைத்துக்கொண்டாள்.

இந்தக் கையைப் பழக்கியே தீர்ப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தோம். மத்தியானம் கடையைப் பாதி ஷட்டர் இறக்கி வைத்திருக்கும் நேரத்தில் அவள் வந்துவிடுவாள். உள்ளே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நான் நோயாளி. பரீட்சை அதிகாரியும் நான்தான். என் காலில் ஜாதிக்காய் அளவுக்குக் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டி அதன்மேல் டிஞ்சர் ஊற்றிக்கொள்வேன், அதுதான் புண். அவள் கையுறை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குவாள். நடுவில், அவள் எதிர்பார்க்காத நேரத்தில், என் இன்னொரு காலை அவள் கால் வழியில் நீட்டிவிடுவேன். இடிக்கும், கை எழும்பும், நான் "ஃபெயில்" என்று கத்துவேன்.

முதலில் எல்லாம் ஃபெயில்தான். கை, மூளையைக் கேட்டுக்கொண்டு எழும்புவதில்லை. முழங்கையைப் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியால் இடுப்போடு கட்டிப் பார்த்தாள். கட்டையும் இழுத்துக்கொண்டு கை போயிற்று. கடைசியில் கால் பட்டால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராக நிறுத்திக்கொண்டு "சாரி" என்று சொல்லிப் பழகலாம் என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

என் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று பார்ப்பாள். "ஊர்ல எல்லாரும் பொண்ணுங்களுக்கு மரியாத கத்துக்குடுப்பாங்க. இந்த மனுசன் குந்தினு மறக்கறதுக்குக் கத்துக்குடுக்கறாரு" என்பாள் அவளிடம். அவள் சிரிப்பாள்.

நான் கொஞ்சம் மும்முரமாகத்தான் போய்விட்டேன். எதையும் தொட்டால் முழுசாகச் செய்வது என் குணம், அதனால் வாங்கிக்கட்டிக்கொண்டதும் உண்டு. கடை வாசலில் எடை பார்க்கும் மிஷின் இருக்கிறது. அவள் வரும்போது அதில் கால் இடிக்கும், கை போகும், கவுண்டரில் இருந்தபடியே ஆட்கள் முன்னால் "ஃபெயில்" என்பேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு நின்றிருந்த பெரியவர் ஒருவர் வெலவெலத்துப்போய், "இன்னாபா, என் கிட்னியா?" என்று கேட்டார். அவரை உட்காரவைத்து சோடா கொடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு ஒருநாள் அவள் கால் எடை மிஷினில் நன்றாகவே இடித்தது. கை நெஞ்சுக்கு வந்தது, நின்றது. அவள் பாட்டுக்கு உள்ளே வந்துவிட்டாள். நான் கவுண்டரை விட்டு எழுந்து கை தட்டினேன்.

அந்த மகிழ்ச்சி இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. அவள் அம்மா கடைக்கு வந்தார். மருந்து வாங்க இல்லை. செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு, வெடித்த பாதத்தோடு ஏறிவந்து கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா தம்பி பண்ணி வெச்சிருக்க எம்பொண்ண? நேத்து மொறத்த மிதிச்சிட்டு அப்பிடியே போறா. அரிசியோட இருந்த மொறம் தம்பி."

"பரீட்சைக்கு பழகறாங்கம்மா" என்றேன்.

"படிப்புக்குன்னா சரிதான். பாஸாவட்டும்" என்றார். திரும்பியவர் மறுபடி கவுண்டரைப் பிடித்தார். "என் கால்லயும் இடிச்சா. சாரிம்மான்னா. நான் யாரோ போல இருந்திச்சி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அன்று முழுக்க எனக்கு வியாபாரத்தில் மனம் செல்லவில்லை. மாத்திரையை எண்ணிக் கொடுப்பதில்கூடத் தடுமாறினேன்.

மறுநாள் அவளிடம் சொன்னேன். கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"எனக்கும் தெரியுதுண்ணே. ரூமுல ஒரு கை, வூட்ல ஒரு கைன்னு வெச்சிக்க முடில. ஒன்ன வுட்டாத்தான் ஒன்னு வருது. லைசென்ஸ் வந்ததும் திரும்பி வந்துடும்ணே."

"எது?"

"கைதான்."

வருமா என்று நான் கேட்கவில்லை. மாவுப் புண்ணை ஒட்டிக்கொண்டு காலை நீட்டினேன். பரீட்சை நெருங்கிவிட்டிருந்தது.

இரண்டாம் முறை அவள் சென்னைக்குப் போனபோது, எனக்கே பரீட்சை மாதிரி இருந்தது. தேரடிப் பக்கம் போய் ஒரு சூடம் ஏற்றினேன். போதாதென்று மாதா கோயிலுக்கும் ஒரு மெழுகுவத்தி வாங்கிக் கொடுத்தனுப்பினேன். எந்தப் பக்கமும் மனஸ்தாபம் வரக்கூடாது அல்லவா. ரிசல்ட் வந்ததும் அவள் ரோட்டைக் கடந்து ஓடிவந்தாள். வெள்ளைக் கோட்டோடு அவள் ஓடி நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

"பாஸுண்ணே. இந்தவாட்டி நோயாளியா நடிச்சவரே கால நீட்டி என் கால்ல இடிச்சிட்டாரு. கை கெளம்புச்சி. பக்கத்துல நீங்க நின்னு கத்தற மாதிரியே இருந்துச்சி. நின்னுடுச்சிண்ணே."

லைசென்ஸ் பதிவானதும் போனில் காட்டினாள். அவள் பெயர், பக்கத்தில் அந்தச் சொல். அவள் அப்பா போனை வாங்கி வைத்துக்கொண்டு, "இதுக்குத் தமிழ்ல இன்னாபா?" என்றார். பாத மருத்துவர் என்றேன். "மருத்துவர்" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "இனிமே குனிய வோணாம்" என்றார். பாத மருத்துவர் குனியாமல் எப்படி வேலை செய்வது என்று கேட்க வாய் வரை வந்தது. அன்றைக்கு அவர் முகம் இருந்த அழகுக்கு, வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கிளம்புகிற அன்று காலை அவள் ஊரான செல்லிப்பட்டுக்குப் போனேன். விமான நிலையத்துக்குப் போக வேன் வந்து வீட்டு வாசலில் நின்றது. தெரு ஜனம் பாதி அங்கே இருந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள். அவள் அம்மா வேன் கதவோரம் வெறுங்காலோடு நின்றிருந்தார். பையை மாட்டிக்கொண்டு ஏறும் அவசரத்தில் அவள் கால் அம்மாவின் பாதத்தில் இடித்தது.

அவள் கைகள் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றன. "சாரிம்மா" என்றாள்.

பயிற்சி கொடுத்தவன் நான். ஒரு பிழை இல்லை. அம்மா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவள் ஏறி உட்கார்ந்தாள், கதவைச் சாத்தினார்கள், வேன் நகர்ந்தது. என்ன வேலை பார்த்துவைத்தோம் என்று இருந்தது.

தெருமுனை திரும்புவதற்குள் வேன் நின்றது. கதவைத் திறந்துகொண்டு அவள் இறங்கி வந்தாள். கையுறை இல்லை, பரீட்சை இல்லை. அம்மாவின் முன்னால் மண்ணில் மண்டிபோட்டு, அந்த வெடித்த பாதங்கள் இரண்டையும் இரண்டு கைகளாலும் முழுதாகத் தொட்டு, காற்றில் இல்லை, கண்ணிலேயே வைத்து அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. குனியாதே குனியாதே என்று சொல்லிக்கொண்டிருந்த அவள் அப்பா தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

எழுந்தவள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். கண்ணைச் சுற்றி மண் ஒட்டியிருந்தது.

"ஃபெயில் போட்டுக்குங்கண்ணே" என்றாள். போய் வேனில் ஏறிக்கொண்டாள்.

வேன் போனபிறகு அவள் அம்மா என் கையைப் பிடித்தார். "இன்னா தம்பி சொல்லிட்டுப் போறா?"

"பாஸாயிட்டேன்னு சொல்லிட்டுப் போறாம்மா" என்றேன்.